கடலோரத்தில் முதுமை: ஃப்ளோரிடா காண்டோக்களை முன்வைத்து

அமெரிக்காவின் வட மாநிலங்களில் முப்பது நாற்பது குளிர்காலங்களைப் பனி அள்ளியே கழித்தவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தெற்கே பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தத் தெற்கு பெரும்பாலும் ஃப்ளோரிடாதான். அங்கே ஐந்து பேரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். மாநில வருமான வரி கிடையாது. ஜனவரியிலும் அரைக்கைச் சட்டையோடு காலை நடை போகலாம். 1970களிலும் 80களிலும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் அமெரிக்கா போன தமிழர்கள் இப்போது இந்த வயதுக்கு வந்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியிலோ மிச்சிகனிலோ உள்ள பெரிய வீட்டை விற்றுவிட்டுக் கடலோரமாக ஒரு காண்டோ வாங்கிக்கொள்ளலாமா என்ற பேச்சு அவர்கள் வீடுகளில் நடக்கிறது.

காண்டோ என்பது நம் ஊர் அடுக்ககம்தான். உள்சுவருக்குள் இருப்பது உங்களுடையது. கூரை, தூண்கள், மின்தூக்கி, நீச்சல்குளம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் பொதுவானவை. பொதுவானவற்றைப் பராமரிக்க உரிமையாளர்கள் சேர்ந்த அசோசியேஷன் மாதாமாதம் கட்டணம் வசூலிக்கும். புல் வெட்ட வேண்டாம், கூரை ஒழுகினால் ஏணி தேட வேண்டாம், கதவைப் பூட்டிவிட்டு மூன்று மாதம் சென்னைக்கு வரலாம். வயதானவர்களைக் காண்டோவின் பக்கம் இழுப்பது இந்த நிம்மதிதான்.

ஆனால் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் கவலையாக இருக்கிறது. பால்கனியிலிருந்து கடல் தெரியுமா, கரை எத்தனை நிமிட நடை, சமையலறை புதுப்பித்ததா என்று கேட்கிறார்கள். கட்டடத்தின் வயது என்ன, பழுதுக்கென ஒதுக்கிய பணம் எவ்வளவு, வெள்ள வரைபடத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. 65 வயதில் வாங்குகிறவர் சராசரியாக இன்னும் இருபது ஆண்டு அங்கே வாழப்போகிறார். அந்த இருபது ஆண்டை நல்லதாகவோ கொடியதாகவோ ஆக்குவது பின்னால் சொன்ன கேள்விகள்தான்.

இதை நாடே உணர்ந்த நாள் 2021 ஜூன் 24. மயாமி பீச்சுக்கு வடக்கே சர்ஃப்சைட் என்ற சிற்றூரில், 1981இல் கட்டிய 12 மாடிக் காண்டோவான சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில் பகுதியளவு சரிந்து விழுந்தது. மொத்தம் 136 வீடுகள். 98 பேர் இறந்தார்கள். முதலில் அமுங்கியது நீச்சல்குளத்தை ஒட்டிய தளம். சில நிமிடங்களில் கட்டடம் அதைத் தொடர்ந்தது.

அந்தத் தளத்தில் கோளாறு இருப்பது முன்பே தெரியும். 2018இல் ஆய்வு செய்த பொறியாளர், நீர்க்காப்பு கெட்டுப்போய்க் கீழேயுள்ள கான்கிரீட் பலகை கடுமையாகப் பழுதாகியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். தளம் சாய்வில்லாமல் சமமாகக் கட்டப்பட்டதால் தண்ணீர் வடியாமல் தேங்கியது. உப்புக்காற்றும் தேங்கிய நீரும் சேர்ந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்; துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் குடியிருப்பவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத விஷயம். தடயவியல் ஆய்வு இன்னொன்றையும் கண்டது: அந்தத் தளம் கட்டும்போதே விதி கேட்ட வலுவோடு கட்டப்படவில்லை.

அறிக்கை வந்து கிட்டத்தட்ட மூன்று ஆண்டு பழுது பார்க்கப்படாமல் போனது ஏன்? மொத்தச் செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். அசோசியேஷன் சேர்த்து வைத்திருந்தது பத்து லட்சம் டாலர்கூட இல்லை. ஒவ்வொரு வீட்டின் பங்கும் சுமார் 80,000 டாலரிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேல் வரை போனது. கூட்டங்களில் வாக்குவாதம் நடந்தது, நிர்வாகிகள் விலகினார்கள், பணம் திரட்டும் முடிவு தள்ளிப்போனது. கட்டடம் விழுந்தது, முதல் தவணை கட்ட வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு.

ஓய்வுக்கால அடுக்ககங்களின் அடிப்படை நோய் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், வருமானம் இனி உயராது. 78 வயதுக்காரரிடம், பன்னிரண்டு ஆண்டு கழித்து மாற்ற வேண்டிய கூரைக்கு இன்றே பணம் கொடுங்கள் என்றால் அவர் ஏன் கொடுப்பார்? அவரைக் கஞ்சன் என்று சொல்ல முடியாது. அவர் கணக்கு அவருக்கு நியாயமானது. ஆனால் நூறு பேரின் நியாயமான கணக்குகள் சேரும்போது கட்டடத்துக்குச் செலவழிக்க யாரும் இல்லாமல் போகிறது. ஃப்ளோரிடா சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. பெரும்பான்மை வாக்களித்தால் பழுது நிதி ஒதுக்குவதையே அந்த ஆண்டுக்குத் தள்ளுபடி செய்துவிட முடிந்தது. பல கட்டடங்கள் ஆண்டுதோறும் அப்படியே வாக்களித்து வந்தன. மாதக் கட்டணம் குறைவு என்று விளம்பரத்தில் போட்டார்கள். வந்தவர்களும் அதை நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

2022 மே மாதம் சட்டம் மாறியது. மூன்று தளமும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்கள் 30 வயதை எட்டும்போது பொறியாளரின் கட்டமைப்பு ஆய்வுக்கு உட்பட வேண்டும். பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை. உப்புநீருக்கு அருகில் இருப்பவற்றை 25 வயதிலேயே ஆய்வு செய்யச் சொல்லும் அதிகாரம் உள்ளூர் நிர்வாகத்துக்கு உண்டு. கூரை, சுமை தாங்கும் அமைப்பு, நீர்க்காப்பு, குழாய், மின்கம்பி முதலியவை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்ற நிதி ஆய்வும் கட்டாயமானது. அதன்படி ஒதுக்கும் நிதியை இனி வாக்கெடுப்பால் தள்ளுபடி செய்ய முடியாது. 2025இல் சில சலுகைகள் வந்தன: கெடு அந்த ஆண்டு இறுதிவரை நீண்டது, ரொக்கமாகச் சேர்ப்பதற்குப் பதில் கடன் வசதி காட்டவும் வழி பிறந்தது.

ஃப்ளோரிடாவின் காண்டோ வீடுகளில் பாதிக்கும் மேல் 30 வயது கடந்தவை. தள்ளிப்போட்ட செலவெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நின்றது. மாதக் கட்டணம் பல மடங்கானது; பல்லாயிரம் டாலர் சிறப்பு வசூல் கேட்கப்பட்டது; கட்ட முடியாத முதியவர்கள் விற்க முயன்றார்கள்; பழைய கட்டடங்களின் விலை சரிந்தது. இந்தச் சரிவைப் பார்த்து, மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்று பலர் ஆசைப்படுகிறார்கள். விலை குறைந்ததற்குக் காரணம், மீதித் தொகையைப் பின்னால் வசூலிக்கப் போகிறார்கள் என்பதே. சட்டத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அது கொடுமையாக வந்து விழுந்தது உண்மை; வராமல் இருந்திருந்தால் அடுத்த சர்ஃப்சைட் எங்கே என்றுதான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே வாங்குமுன் படிக்க வேண்டியவை: கட்டமைப்பு ஆய்வறிக்கை, நிதி ஆய்வு, நடப்பு ஆண்டின் வரவுசெலவுத் திட்டம், கடைசி இரண்டு மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள். இவற்றுள் நான் முதலில் எடுப்பது கூட்டக் குறிப்புகளைத்தான். வரவுசெலவுத் திட்டம் அழகாக இருக்கலாம். கூட்டக் குறிப்பில் மூன்றாம் மாடி பால்கனியின் விரிசலைப் பற்றி மூன்று முறை பேசி மூன்று முறையும் ஒத்திவைத்தது இருக்கும். எத்தனை வீட்டார் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அவர்கள் கட்டாததை மற்றவர்கள்தான் சுமக்கிறார்கள். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கிக்கு அந்த மாநிலச் சட்டப்படி வாங்குகிறவரும் பொறுப்பாளி. அதனால் பாக்கி எவ்வளவு என்று அசோசியேஷன் எழுதித் தரும் சான்று கையில் வராமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

வங்கிக் கடனே வேண்டாம், ரொக்கமாகத் தருகிறேன் என்பவர்களும் வங்கியின் பார்வையைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனம், சர்ஃப்சைட்டுக்குப் பிறகு, பெரிய பழுது நிலுவையில் உள்ள கட்டடங்களுக்குத் தந்த கடன்களை ஏற்பதில்லை. வரவுசெலவில் குறைந்தது பத்து சதவீதம் பழுது நிதிக்குப் போக வேண்டும் என்பதும் அதன் விதியாக இருந்து வந்தது. அத்தகைய கட்டடத்தில் நீங்கள் ரொக்கம் கொடுத்து நுழையலாம். நாளை உங்கள் பிள்ளைகள் அதை விற்க நினைக்கும்போது, ரொக்கம் கொடுக்கும் ஆள்தான் அவர்களுக்கும் வேண்டும்.

இன்னொரு விதியும் பலருக்குத் தெரியாது. எண்பது சதவீத உரிமையாளர்கள் சம்மதித்து, ஐந்து சதவீதம் பேர் எதிர்க்காவிட்டால், காண்டோவையே கலைத்து நிலத்தை விற்றுவிடலாம். கடல் பார்த்த நிலத்துக்குக் கட்டடத்தைவிட மதிப்பு அதிகம். கட்டுமான நிறுவனம் ஒன்று சத்தமில்லாமல் வீடு வீடாக வாங்கிச் சேர்த்து அந்த எண்ணிக்கையை எட்டுவது உண்டு. 82 வயதில் வேறு வீடு தேடி அலைய நேர்ந்தால் அது எவ்வளவு பெரிய துன்பம் என்று யோசித்துப் பாருங்கள். பழைய, சிறிய, நேராகக் கடலைப் பார்த்த கட்டடங்களுக்கே இந்த அபாயம் கூடுதல்.

அடுத்தது புயல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அதன் காலம். வளைகுடாப் பக்கம், அட்லாண்டிக் பக்கம் என்று ஃப்ளோரிடாவுக்கு இரண்டு கரை உண்டு. நேப்பிள்ஸ், ஃபோர்ட் மயர்ஸ், சாரசோட்டா, டாம்பா எல்லாம் வளைகுடாப் பக்கம். மணல் வெண்மையானது, அலை அமைதியானது, கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும். முதியவர்களுக்கு மிகவும் பிடித்த இந்த ஆழமின்மையே புயல் நேரத்தில் எதிரியாகிறது. காற்று தள்ளும் நீர் கீழே இறங்க இடமில்லாமல் குவிந்து கரையேறுகிறது. 2022 செப்டம்பர் 28 அன்று கரை கடந்த இயன் புயலில் ஃபோர்ட் மயர்ஸ் பீச் ஊருக்குள் 10 முதல் 15 அடி உயரத்துக்குக் கடல் வந்தது. இறந்தவர்களில் மூழ்கி இறந்த முதியவர்கள் பலர். சானிபெல் தீவுக்குப் போகும் ஒரே சாலை உடைந்து தீவு துண்டிக்கப்பட்டது. 2024இல் ஹெலீன், மில்டன் என இரு புயல்கள் இரண்டு வாரத்துக்குள் அதே கரையைத் தாக்கின.

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் இருக்கும் தென்கிழக்குக் கரையில் கடல் சட்டென்று ஆழமாவதால் நீர் அவ்வளவு உயரம் குவிவதில்லை. காற்றின் வேகத்துக்கு மட்டும் அங்கே குறைவில்லை. 1992இல் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஊர்களைத் தரைமட்டமாக்கியது. தவிர, மயாமி பீச்சில் இலையுதிர்காலப் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய உயர் ஓதங்களில் மழையில்லாத நாளிலும் தெருவில் கடல்நீர் நிற்கும். நிலத்தடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. மதில் கட்டினாலும் நீர் அடியிலிருந்து ஊறி வரும்.

ஆண்ட்ரூ கற்றுத் தந்த பாடத்தால் 2002இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் கட்டியவை புயல்களில் தெளிவாகவே நன்றாகத் தாங்கியிருக்கின்றன. என் கணக்கில் இது பெரிய எல்லைக்கோடு: 2002க்குப் பிந்திய கட்டடம் என்றால் மேலே பேசலாம், முந்தியது என்றால் ஜன்னல் முதல் கூரை வரை மாற்றிய சான்று கேட்க வேண்டும்.

காப்பீட்டில் பலரும் ஏமாறுவது மூன்று இடங்களில். அசோசியேஷனின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும். உள்ளே இருக்கும் உங்கள் பொருளுக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். வெள்ளம் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் அடங்காது. கூட்டரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்கு 2,50,000 டாலரும் உள்ளிருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலரும் வரைதான் தரும். பொதுவாக எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்தே அது உயிர்பெறும், ஆகவே புயல் கிளம்பியபின் ஓடிப் பயனில்லை. மூன்றாவது, புயல் சேதத்தில் முதல் பங்கை நாமே ஏற்க வேண்டும் என்ற விதி. அது மொத்த மதிப்பில் சதவீதமாக இருக்கும். இரண்டு கோடி டாலருக்குக் காப்பீடு செய்த கட்டடத்துக்கு ஐந்து சதவீதம் என்றால் பத்து லட்சம் டாலர்; நூறு வீடு இருந்தால் ஆளுக்குப் பத்தாயிரம். காப்பீடு இருக்கிறதே என்று நம்பியவருக்கு வரும் ரசீது இது. இதை ஓரளவு ஈடுகட்டும் பிரிவு தனிநபர் காப்பீட்டில் உண்டு; சட்டப்படி அதன் குறைந்தபட்சம் 2,000 டாலர்தான், கேட்டு உயர்த்திக்கொள்ளலாம். 2021 தொடங்கிப் பல தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் அங்கே திவாலாகின. மாநில அரசு உருவாக்கிய சிட்டிசன்ஸ் நிறுவனத்தில் 2023இல் 14 லட்சம் காப்பீடுகள் குவிந்தன. சந்தையின் நிலை அதிலிருந்தே தெரியும்.

வரியைப் பற்றி ஒரே எச்சரிக்கை. நிரந்தரமாக அங்கேயே வசிப்பவரின் வீட்டு மதிப்பீடு ஆண்டுக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் இருபது ஆண்டு குடியிருந்தவர் கட்டும் சொத்து வரி மிகக் குறைவாக இருக்கும். விற்பனை நடந்ததும் மதிப்பீடு சந்தை விலைக்குத் திரும்பிவிடும். விற்பவரின் வரி ரசீதை வைத்து உங்கள் செலவைக் கணக்கிடாதீர்கள்.

வயதைப் பற்றிப் பேசாமல் இடத்தைப் பற்றிப் பேச முடியாது. ஃப்ளோரிடாவின் பெரும்பகுதியில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. 66 வயதில் அது பொருட்டல்ல. 80ஐ நெருங்கும்போது கண் மங்கி, இரவில் ஓட்ட முடியாமல் போகும். நம் குடும்பங்களில் பெரும்பாலும் கணவர்தான் நெடுந்தூரம் ஓட்டுபவர். அவர் முதலில் போய்விட்டால் அம்மா அந்தப் பதினான்காவது மாடியில் கடலைப் பார்த்தபடி தனியே அடைபட்டுக் கிடப்பார். ஆகவே மருந்துக் கடையும் காய்கறிக் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனை இருபது நிமிடத்துக்குள். பெரிய நோய்க்குப் போக டாம்பாவில் மாஃபிட் புற்றுநோய் மையம், வெஸ்டனில் கிளீவ்லண்ட் கிளினிக், ஜாக்சன்வில்லில் மேயோ கிளினிக் உள்ளன. அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரை நேரடியாக வைத்துக்கொள்ளாமல் அதன் தனியார் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்தவர்கள், ஊர் மாறினால் பழைய மருத்துவர் வலையமைப்பு கூடவே வராது என்பதை மறக்கக் கூடாது.

உயர்ந்த மாடிக்கு ஆசைப்பட வேண்டாம் என்றும் சொல்வேன். வெள்ளத்துக்குத் தப்ப இரண்டாம் மூன்றாம் மாடி போதும். புயலுக்குப் பின் மின்சாரம் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இருக்காது. 2017இல் இர்மா புயலுக்குப் பின் ஃப்ளோரிடாவிலேயே உள்ள ஹாலிவுட் என்ற ஊரின் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் குளிர்சாதனம் நின்றுபோய்ப் பன்னிரண்டு பேர் வெக்கையில் இறந்தார்கள். மறு ஆண்டு அத்தகைய இல்லங்களில் ஜெனரேட்டர் கட்டாயமானது. சாதாரணக் குடியிருப்பான காண்டோவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவசரத்துக்கு மின்தூக்கி ஓடுமா என்று கேளுங்கள்.

55 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே ஒதுக்கிய குடியிருப்புகளும் நிறைய. அமைதியும் துணையும் அங்கே கிடைக்கும். ஆனால் பேரக்குழந்தைகள் ஆண்டுக்கு இத்தனை நாள்தான் தங்கலாம் என்று பலவற்றில் விதி உண்டு. கோடை விடுமுறை முழுக்கப் பேரனை வைத்துக்கொள்ள நினைக்கும் தாத்தா பாட்டி, அந்த விதிப் புத்தகத்தை முதலில் படிக்கட்டும். பழுது நிதியைத் தள்ளிப்போடும், முன்னே சொன்ன நோயும் இங்கேதான் முற்றுகிறது. வேலைக்குப் போகிறவர்களும் கலந்து வாழும் கட்டடத்தில் எதிர்காலத்துக்குச் செலவழிக்க ஒரு தரப்பாவது இருக்கும்.

இந்தியர்களுக்கென ஆர்லாண்டோவுக்கு வடமேற்கே டவாரெஸ் ஊரில் சாந்திநிகேதன் என்ற ஓய்வுக்காலக் காண்டோ குடியிருப்பு ஒன்று உள்ளது. நம் உணவு, பஜனை, பேச்சுத்துணை எல்லாம் உண்டு. அது கடலோரம் இல்லை. உள்நாட்டில், ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது. டாம்பாவில் ராஜகோபுரத்தோடு கோயில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களும் அங்கே நிறைய. எண்பதாவது வயதில் கடலைவிடப் பேச்சுத்துணை பெரிது என்பதால் இவற்றைச் சிறு விஷயமாக நான் எண்ணவில்லை.

என் முடிவு இது. கரையை ஒட்டிய பழைய கோபுரங்களை விட்டுவிடுங்கள். கடலிலிருந்து சில மைல் உள்ளே, கூட்டரசின் வெள்ள வரைபடத்தில் அபாயம் குறைந்த எக்ஸ் மண்டலத்தில், 2002க்குப் பின் கட்டிய, நான்கைந்து மாடிக்கு மேற்படாத, பழுது நிதி நிறைந்த கட்டடம் பாருங்கள். கடல் வேண்டும்போது பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். புயல் நேரத்தில் யார் வெளியேற வேண்டும் என்று காட்ட, வெளியேற்ற மண்டலம் என்று மாவட்ட நிர்வாகம் தரும் வரைபடம் வேறு. அதையும் தனியே பாருங்கள். வாங்குமுன் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். எல்லா ஊரும் அழகாக இருக்கும் பிப்ரவரியோடு நிறுத்திக்கொள்ளாமல், புழுக்கமும் கொசுவும் புயல் எச்சரிக்கையும் சேர்ந்து வரும் ஆகஸ்டும் செப்டம்பரும் அந்த ஆண்டில் அடங்கட்டும்.

பெற்றோருக்காக வீடு பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா அப்பா பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் அசோசியேஷன் அலுவலகத்துக்குப் போய்க் கட்டமைப்பு ஆய்வறிக்கையையும் நிதி ஆய்வையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால், அடுத்த கட்டடத்துக்குப் போங்கள்.